ராய் மாட்சுமோட்டோ: இரு படைகளில் ஒரு குடும்பம்

ராணுவ வீரர் ஒருவர் மறைந்ததும் எழுதப்படும் அஞ்சலிக் குறிப்புகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் போர்க்களம், பதவி, பதக்கங்கள் வரும். பிறகு மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். நல்ல கணவர், பாசமுள்ள தந்தை என்று குறிப்பு முடியும். பெரும்பாலான வீரர்களுக்கு இப்படி இரண்டாகப் பிரித்து எழுதுவது பொருந்தக்கூடும். மொழியையே ஆயுதமாகக் கொண்டு போருக்குப் போனவர்களுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த சான் யுவான் தீவில், 101ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, 2014 ஏப்ரலில் காலமான ராய் மாட்சுமோட்டோவின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. பர்மாக் காட்டில் சுற்றிவளைக்கப்பட்ட ஒரு பட்டாலியனை அவர் காப்பாற்றினார் என்று ராணுவ வரலாறு சொல்கிறது. எந்த அறிவைக் கொண்டு காப்பாற்றினார் என்று கேட்டால், விடை எந்த ராணுவப் பள்ளியிலும் முழுமையாகக் கிடைக்காது. அவரை வளர்த்த தாத்தா பாட்டி வீட்டிலும், அவர் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளின் வாசல்களிலும்தான் அது கிடைக்கும். குடும்பத்தைப் பின்குறிப்பாகத் தள்ளிவிட்டு இவருடைய வீரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாட்சுமோட்டோ 1913 மே 1 அன்று கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள், பூர்வீகம் ஹிரோஷிமா. வீட்டுக்கு மூத்த மகன். பெற்றோர் வைத்த பெயர் ஹிரோஷி. குடியேறிகளின் பல குடும்பங்களில் அந்நாளில் இருந்த வழக்கப்படி, சிறுவயதிலேயே அவரை ஹிரோஷிமாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, ஜப்பானியப் பள்ளியில் படித்துவிட்டு, இளைஞராகக் கலிபோர்னியா திரும்பினார். பின்னர் பெற்றோரும் மற்றப் பிள்ளைகளில் பலரும் ஹிரோஷிமாவிலேயே குடியேறினர். அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறையை ‘நிசேய்’ என்றும், அவர்களில் ஜப்பானில் படித்துத் திரும்பியவர்களைக் ‘கிபேய்’ என்றும் அந்தச் சமூகம் அழைத்தது. கிபேய் இளைஞரான மாட்சுமோட்டோ லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மளிகைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஜப்பானின் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர்ப் பேச்சு. தெற்கே கியூஷு தீவிலிருந்து வந்தவர்களின் வட்டார வழக்கும் அவர் காதில் ஏறியது. சில ஆண்டுகளில் பல உயிர்களின் தலைவிதியைத் தீர்மானிக்கப்போவது இந்த வழக்குதான் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இப்படிப்பட்ட வீடுகளை அமெரிக்க அரசு எப்படிப் பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்த மாலைநேரப் பள்ளிகளை ஹவாய் நிர்வாகம் சட்டங்களால் நெருக்கியது. அந்தக் கட்டுப்பாடுகள் செல்லாது என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. வீட்டில் ஜப்பானிய மொழி பேசுகிறவன் மனத்தில் ஜப்பானியப் பேரரசரே குடியிருப்பார் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அந்த எண்ணம் அரசின் கொள்கையாகவே மாறியது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, நிலம் அனைத்தையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஜெரோம் முகாமில் அடைக்கப்பட்டவர்களில் மாட்சுமோட்டோவும் ஒருவர். ஜப்பானில் படித்தவர்கள் என்பதால் கிபேய்கள்மீது சந்தேகம் இன்னும் கூடுதலாக விழுந்தது.

அதே காலத்தில் அதே அரசின் ராணுவத்துக்கு ஒரு நெருக்கடி. ஜப்பானோடு போர் மூளும் என்று எதிர்பார்த்த சில அதிகாரிகள் 1941லேயே தங்களிடம் ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கத் தொடங்கினர். ராணுவத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்த நிசேய் வீரர்கள் சுமார் 3,700 பேரைச் சோதித்தார்கள். சரளமாக மொழி தெரிந்தவர்கள் 3 விழுக்காடு. ஓரளவு தேர்ச்சி உள்ளவர்கள் இன்னொரு 4 விழுக்காடு. நீண்ட பயிற்சி கொடுத்தால் தேறக்கூடியவர்கள் மேலும் 3 விழுக்காடு. மீதிப் பத்தில் ஒன்பது பேருக்குத் தாத்தா பாட்டியோடு பேசும் அளவுக்குமேல் மொழி தெரியவில்லை. இந்தக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்த இளைஞர்கள் உள்ளுக்குள் ஜப்பானியர்களாகவே இருக்கிறார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஆங்கிலப் பள்ளியும் அமெரிக்கத் தெருவுமே அவர்களை வளர்த்திருந்தன. மொழியை உயிரோடு வைத்திருந்த வீடுகளோ மிகச் சில. ராணுவத்துக்குத் தேவைப்பட்டவர்கள் அந்தச் சில வீடுகளின் பிள்ளைகள்தான். எந்தக் குடும்பங்கள் அதிகச் சந்தேகத்துக்கு உள்ளாயினவோ அவற்றின் வாசலிலேயே ராணுவம் போய் நிற்க வேண்டியிருந்தது.

1941 நவம்பர் 1 அன்று சான்பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ ராணுவத் தளத்தில், கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில், ரகசியமாக ஒரு மொழிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதல் வகுப்பில் 60 மாணவர்கள். இருவரைத் தவிர அனைவரும் நிசேய்கள். தலைமை ஆசிரியராக வந்த ஜான் ஐசோ, ஹார்வர்டில் சட்டம் படித்த வழக்கறிஞர். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட அவரை, வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் சாதாரண வீரராகப் போட்டு வைத்திருந்தார்கள். போர் தொடங்கியதும் மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய முகம் கொண்ட அனைவரும் வெளியேற்றப்பட்டதால், இந்தப் பள்ளியும் 1942இல் மின்னசோட்டா மாநிலத்தின் சாவேஜ் முகாமுக்கு இடம்பெயர நேர்ந்தது. ராணுவச் சீருடை அணிந்திருந்த மாணவர்களையும் அந்த வெளியேற்றம் விட்டுவைக்கவில்லை. அங்கே ஆறு மாதத்தில் ராணுவக் கலைச்சொற்கள், கைதிகளை விசாரிக்கும் முறை, வரைபடம் படிப்பது, எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கூட்டெழுத்தைப் படிப்பது எல்லாம் கற்க வேண்டும். விளக்கணைத்த பிறகு கழிவறை வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. 1946 வரையில் ஏறத்தாழ 6,000 பேர் இந்தப் பள்ளியில் பயின்று வெளியேறினர். மாணவர்களைத் தேடி அதிகாரிகள் முள்வேலி முகாம்களுக்கே வந்தார்கள். 1942 இறுதியில் ஜெரோம் முகாமுக்கு வந்தவர்களிடம் மாட்சுமோட்டோ பெயர் கொடுத்தார்.

அவர் சேர்ந்த படை 5307ஆம் கூட்டுப் படைப்பிரிவு. தளபதி ஃபிராங்க் மெரில் பெயரால் ‘மெரிலின் கொள்ளைக்காரர்கள்’ என்று பத்திரிகைகள் அதை அழைத்தன. ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட இந்தப் படை 1943 அக்டோபர் 31 அன்று பம்பாயில் வந்திறங்கி, மத்திய இந்தியாவில் பயிற்சி பெற்று, அசாமின் லெடோ வழியாக 1944 பிப்ரவரியில் வட பர்மாவுக்குள் நடந்தே நுழைந்தது. பகைவரின் பின்புறம் போய்த் தாக்குவது அதன் பணி. உணவும் மருந்தும் தோட்டாவும் விமானத்திலிருந்து போடப்படும். சுமைக்குக் கோவேறு கழுதைகளும் குதிரைகளும். இந்தப் படையில் இருந்த நிசேய் மொழியறிஞர்கள் 14 பேர். பகைவரிடம் சிக்கினால் மற்ற வீரர்களைவிடக் கொடிய நிலை அவர்களுக்கு. தங்கள் தரப்பு வீரனே முகத்தைப் பார்த்து ஜப்பானியன் என்று சுட்டுவிடக்கூடிய ஆபத்தும் இருந்தது. இந்தக் காரணத்தால் பசிபிக் போர்முனைகளில் பல நிசேய்களுக்கு வெள்ளைக்கார வீரர் ஒருவரைக் காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. எதிரே நின்ற ஜப்பானின் 18ஆம் டிவிஷனில் பெரும்பாலோர் கியூஷு தீவில் திரட்டப்பட்டவர்கள். மாட்சுமோட்டோ எந்த வாசல்களில் நின்று அந்த வழக்கைக் கேட்டுப் பழகினாரோ, அந்த வாசல்களின் சொந்த ஊர்க்காரர்கள்.

1944 மார்ச் தொடக்கத்தில் வாலாபம் என்ற இடத்தில் ஜப்பானியரின் தொலைபேசிக் கம்பி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மாட்சுமோட்டோ அதில் இணைப்புக் கொடுத்து ஒட்டுக்கேட்டார். வட்டார வழக்கில் ஓடிய பேச்சிலிருந்து ஒரு வெடிமருந்துக் கிடங்கு இருக்கும் இடம் தெரியவந்தது. மார்ச் 28 அன்று நபும்கா என்ற மலைக் கிராமத்தில் இரண்டாம் பட்டாலியன் முற்றாகச் சுற்றிவளைக்கப்பட்டது. தண்ணீர் இருந்த இடத்தைப் பகைவர் பிடித்துவிட்டதால், குடிநீரையே விமானத்திலிருந்து போட வேண்டிய நிலை. செத்துக் கிடந்த விலங்குகளின் நாற்றத்தில், பதுங்குகுழிகளை விட்டு எழ முடியாமல் வீரர்கள் கிடந்தனர். இரவுகளில் மாட்சுமோட்டோ தனியாக ஊர்ந்து பகைவரின் வரிசை அருகே போய், அவர்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். அப்படி ஓர் இரவில், விடியும்போது ஒரு குறிப்பிட்ட முனையைத் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அமெரிக்கர்கள் அந்த முனையைக் காலி செய்து, விட்டுப்போன குழிகளில் வெடிப்பொறிகளைப் பொருத்திவிட்டு, பின்னால் துப்பாக்கிகளோடு காத்திருந்தனர். விடியலில் பாய்ந்து வந்தவர்கள் வெறுங்குழிகளைக் கண்டு திகைத்தனர், குண்டுமழையில் விழுந்தனர். பின்னால் வந்த அணி தயங்கி நின்றபோது, மாட்சுமோட்டோ எழுந்து நின்று ஜப்பானிய மொழியில், ஒரு ஜப்பானிய அதிகாரியின் தோரணையில், ‘பாயுங்கள்’ என்று ஆணையிட்டார். அவர்கள் பாய்ந்தார்கள். அந்தக் காலையில் 54 சடலங்கள் எண்ணப்பட்டன. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று முற்றுகை உடைந்தது.

இந்த நிகழ்ச்சியை ஒரு சாகசக் கதையாகச் சொல்லி முடிப்பது எளிது. அதை அப்படி முடிக்க விடாத உண்மை ஒன்று இருக்கிறது. மாட்சுமோட்டோ வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். இருவர் அமெரிக்கப் படையில்; மூவர் ஜப்பானியப் படையில். பெற்றோரும் சகோதரிகளும் ஹிரோஷிமாவில். தம் தம்பிகள் எந்தச் சீருடை அணிந்திருந்தார்களோ அதே சீருடை அணிந்தவர்களுக்குத்தான் அண்ணன் அந்த ஆணையைப் பிறப்பித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, அவர் எந்த நாட்டுக்காகப் போரிட்டாரோ அந்த நாட்டின் விமானம் அவருடைய பெற்றோர் வாழ்ந்த நகரத்தின்மீது அணுகுண்டு போட்டது. பெற்றோரும் சகோதரிகளும் உயிரோடிருக்கிறார்கள், தம்பிகளும் பிழைத்துவிட்டார்கள் என்பது போர் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நாட்டின்மீது கொண்ட பற்று ஒரு தட்டிலும் குடும்பப் பாசம் மறு தட்டிலுமாக வைத்து நிறுக்கக்கூடிய வாழ்க்கையல்ல இது. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே மொழியில் குடியிருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரிடம் கேட்டது போர்தான். அவருடைய வீடு அப்படிக் கேட்கவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சில கேள்விகள் எழுவது இயல்பு. முதல் கேள்வி: மொழியைப் பயிற்சியால் கற்க முடியாதா, வீடு எதற்கு? இதற்கு ஆதாரமாக அமெரிக்கக் கடற்படையைச் சுட்டலாம். கடற்படை நிசேய்களைப் படையில் சேர்க்க மறுத்தது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில், பெரும்பாலும் வெள்ளைக்காரக் கல்லூரி மாணவர்களைக் கொண்டே தன் ஜப்பானிய மொழிப் பள்ளியை நடத்தியது. அங்கே கற்றவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கில உலகுக்குக் கொண்டுவந்த டொனால்ட் கீன் அந்தப் பள்ளியின் மாணவரே. ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. போல்டரில் பாடம் நடத்திய ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். முகாம்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. எனவே அந்தப் பள்ளியும் அதே வீடுகளின் அறிவால்தான் நடந்தது. அடுத்து, பிடிபட்ட ஆவணத்தை மேசையில் வைத்து அகராதியோடு படிப்பது ஒரு திறமை. இருட்டில் புல்லுக்குள் படுத்துக்கொண்டு, கொச்சையான வட்டாரப் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வது வேறு திறமை. ஓர் அதிகாரியின் அதட்டலைக் கேட்பவர்கள் ஒரு கணமும் சந்தேகிக்காதபடி தொண்டையிலிருந்து எழுப்புவது இன்னும் வேறு. முதல் திறமையைப் பள்ளி தரும். மற்றவை மனிதர்களோடு வாழ்ந்து வருபவை.

இரண்டாம் கேள்வி இவர்கள் பங்கின் அளவு பற்றியது. ஜெனரல் மெக்ஆர்தரின் உளவுத்துறைத் தலைவர் வில்லபி, நிசேய் மொழியறிஞர்கள் போரை இரண்டு ஆண்டுகள் குறைத்தார்கள் என்று சொன்னதாக அஞ்சலிக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அது மிகை என்று ஒருவர் ஐயப்பட்டால் அதில் தவறில்லை. நடக்காத இரண்டு ஆண்டுகளை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அந்த மதிப்பீட்டைத் தள்ளிவைத்தாலும் உறுதியான சான்றுகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலேயர்களாலும் அமெரிக்கர்களாலும் தங்கள் மொழியைப் படிக்க முடியாது என்று ஜப்பானியப் படை நம்பியது. அதனால் வீரர்கள் நாட்குறிப்பு எழுதுவதை அது தடுக்கவில்லை. வரைபடங்களையும் ஆணைகளையும் காப்பதில் கவனமாக இல்லை. 1944இல் பிலிப்பைன்ஸ் கடலோரத்தில் கிடைத்த ஓர் ஆவணத் தொகுப்பு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. அதை மொழிபெயர்த்த குழுவில் யோஷிகாசு யமாடா, ஜார்ஜ் யமாஷிரோ ஆகிய நிசேய்கள் இருந்தனர். பசிபிக்கில் ஜப்பானியக் கடற்படை வகுத்திருந்த ‘இசட்’ திட்டம் அது. மொழிபெயர்ப்பு உடனே அமெரிக்கக் கப்பற்படைக்கு அனுப்பப்பட்டது. நபும்காவின் இரண்டாம் பட்டாலியனுக்கு மாட்சுமோட்டோ கேட்டுச் சொன்ன செய்தி என்ன மதிப்புடையது என்பதற்கு எந்த ஜெனரலின் சான்றிதழும் தேவையில்லை. பிழைத்து வீடு திரும்பியவர்களே அதற்குச் சாட்சி.

மூன்றாம் கேள்வி கடினமானது. தாத்தா பாட்டி கொடுத்த மொழியைக் கொண்டு அவர்கள் நாட்டவரையே சாவுக்கு அழைத்ததை எப்படிப் போற்றுவது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. அந்த 54 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள். அந்த எண்ணை வெற்றிக் கணக்காகக் கொண்டாட எந்தத் தேவையும் இல்லை. சுற்றிவளைக்கப்பட்டு, தாகத்தில் தவித்து, விடிந்தால் சாவு என்ற நிலையில் இருந்த ஒரு பட்டாலியனின் வீரராக அவர் தம் கடமையைச் செய்தார். அதன் விலை கொடியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூடவே, இதே மொழியறிவு எதிர்த்திசையிலும் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹவாயில் பிறந்து ஓகினாவாவில் வளர்ந்து மீண்டும் ஹவாய் திரும்பிய தகெஜிரோ ஹிகா, 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையோடு ஓகினாவாவில் இறங்கினார். ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் உயிரிழந்ததாக மதிப்பிடப்படும் போர்முனை அது. அமெரிக்கர் கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று நம்பவைக்கப்பட்ட மக்கள் குகைகளுக்குள் ஒளிந்திருந்தனர். ஹிகா அந்தக் குகைகளின் வாயிலில் நின்று, உள்ளூர்ப் பேச்சிலேயே அவர்களை வெளியே வரச் சொல்லிக் கெஞ்சினார். பலர் வெளியே வந்து பிழைத்தனர். பிடிபட்டவர்களை விசாரிக்கும்போது, தம் பழைய பள்ளி ஆசிரியரையே எதிரில் காணும்படி ஆயிற்று அவருக்கு. ஜப்பானிய மொழியை வெளியார் குரலில் கேட்டிருந்தால் குகைக்குள் இருந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். சொந்த ஊர்ப் பேச்சை நம்பினார்கள். நபும்காவில் உயிரைப் பறித்த அதே நம்பகத்தன்மை ஓகினாவாவில் உயிரைக் காத்தது. மொழியறிஞரின் பணியை எடைபோடும்போது இரண்டும் தட்டில் ஏற வேண்டும்.

நான்காம் கேள்வியை இன்றைய ஜப்பானிய அமெரிக்கர்களே எழுப்பியிருக்கிறார்கள். இப்படி வீரர்களைப் போற்றுவது, விசுவாசத்தை ரத்தத்தால் நிரூபித்தால்தான் உரிமை கிடைக்கும் என்று ஒப்புக்கொள்வது ஆகாதா? 1944இல் வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுன்டன் முகாமில், எங்கள் குடும்பங்களை விடுவித்தால் ராணுவத்தில் சேருகிறோம் என்று சொல்லி மறுத்த 63 இளைஞர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்கு 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பொது மன்னிப்பு வழங்கினார். அவர்களும் தங்கள் குடும்பத்தை நேசித்தவர்களே. முள்வேலிக்குள்ளிருந்து படைக்குப் போனவரைப் போற்றுவதற்காக, போக மறுத்தவரைக் குறைத்துப் பேசினால் அது அநீதி. குடியுரிமை பிறப்பால் வந்தது. அதற்கு யாரும் பர்மாக் காட்டில் ஊர்ந்து விலை கொடுக்க வேண்டியதில்லை. விலை கொடுத்தவர்களுக்கும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பதற்கு ஒரேகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் சாட்சி. அந்த ஊரின் முன்னாள் படைவீரர் சங்கம், 1944 நவம்பரில், ஊர்வீரர்களின் பெயர்ப்பலகையிலிருந்து 16 நிசேய்களின் பெயர்களை அழித்தது. அவர்களில் ஒருவரான ஃபிராங்க் ஹச்சியா என்ற மொழியறிஞர், சில வாரங்களில் பிலிப்பைன்ஸின் லேட்டே தீவில் போரில் காயம்பட்டு இறந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. ஆக, மாட்சுமோட்டோவை நினைவுகூர்வது முகாம்களை நியாயப்படுத்தாது. தன் குடிமக்களின் வீட்டு மொழியைக் குற்றத்தின் அடையாளமாக எண்ணிய ஓர் அரசு, கடைசியில் அந்த மொழியையே நம்பி உயிர் பிழைத்தது என்பதை அவர் வாழ்க்கை அழியாத சாட்சியாக வைத்திருக்கிறது.

இனி, பாசமுள்ள குடும்பத்தலைவர் என்ற சொல்லுக்கு வருவோம். போருக்குப் பிறகும் ராணுவத்தில் தொடர்ந்த மாட்சுமோட்டோ 1963இல் ஓய்வு பெற்றார். மணம் புரிந்து பெண் குழந்தைகளை வளர்த்தார். உளவுப் பணியைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்ற உத்தரவு மொழியறிஞர்கள் எல்லோருக்கும் இருந்தது. 1970களில்தான் ஆவணங்கள் மெல்லமெல்ல வெளிவந்தன. மாட்சுமோட்டோவின் மௌனமோ ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. பெற்ற மகளுக்கே தகப்பனின் போர்க்கதை பிற்காலத்தில்தான் தெரியவந்தது. தன் வாழ்வின் இத்தனை பெரிய பகுதியைப் பிள்ளைகளிடம் மறைத்தவரை எப்படிப் பாசமுள்ளவர் என்பது என்று கேட்கலாம். அவர் மனத்தில் இருந்ததை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நடந்ததைப் பார்த்தால் போதும். ஆணையை மீறாத கட்டுப்பாடு ஒருபுறம். மறுபுறம், அந்தக் கதையைச் சொன்னால் அது சித்தப்பாமார்கள் போரிட்ட படையைப் பற்றிய கதையாகவும் இருக்கும். அண்ணன் தம்பிகள் உயிரோடு மிஞ்சிய ஒரு குடும்பத்தில், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பேசாமல் இருப்பதும் உறவைக் காக்கும் ஒரு வழியே. மௌனத்தின் பாரம் அவரோடு மட்டும் நிற்கவில்லை. தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளும் அதில் பங்கு சுமந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரே பின்னாளில் தேடிக் கண்டறிந்து, 2013இல் வெளியான ஆவணப்படத்தின் வழியாகத் தகப்பன் கதையை உலகுக்குச் சொன்னார். மொழியைக் குடும்பம் கொடுத்தது. நினைவையும் குடும்பமே மீட்டது.

அரசின் அங்கீகாரம் நிதானமாக வந்தது. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம், முகாம்களில் அடைக்கப்பட்டு அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடும் முறையான மன்னிப்பும் வழங்கச் சட்டம் இயற்றியது. 1993இல் மாட்சுமோட்டோவின் பெயர் ராணுவத்தின் ரேஞ்சர் புகழ்மன்றத்தில் சேர்ந்தது. 2000இல் மொழியறிஞர்களின் உளவுப் பிரிவுக்குக் குடியரசுத் தலைவரின் பாராட்டு கிடைத்தது. 2011 நவம்பரில் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் நிசேய் வீரர்களுக்கு வழங்கப்பட்டபோது போர் முடிந்து 66 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். மாட்சுமோட்டோவுக்கு வயது 98. சாவேஜ் முகாமில் வளர்ந்த அந்தப் பள்ளி, போருக்குப் பின் கலிபோர்னியாவின் மான்டெரேக்கு மாறி, இன்று அமெரிக்க ராணுவத்தின் பெரிய மொழி நிறுவனமாகப் பல மொழிகளைக் கற்பிக்கிறது. வீட்டு மொழியைச் சந்தேகித்த நாடு, மொழியறிவைப் பாதுகாப்பின் தூணாக ஏற்றுக்கொள்ள இத்தனை நீண்ட வழி நடக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து எடுக்கக்கூடிய தீர்ப்பு தெளிவானது. இரண்டு மொழிகள் புழங்கும் வீடு இரண்டு மனம் கொண்ட வீடு அல்ல. ஒரு மனிதனின் நாட்டுப்பற்றை அவன் வீட்டில் பேசும் மொழியைக் கொண்டு அளக்கும் அரசு அவனுக்கு அநீதி செய்கிறது. தனக்கும் தீங்கு தேடிக்கொள்கிறது. அகதிகளும் குடியேறிகளும் எங்கெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார்களோ அங்கெல்லாம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்சுமோட்டோவைப் போன்ற ஒருவரைப் பற்றி இனி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பேரனுக்கு மொழி கொடுத்த தாத்தாவையும் பாட்டியையும், கடைப்பையன் காதில் ஊர்ப் பேச்சை ஏற்றிய வாடிக்கையாளர்களையும், எதிர்ப்படையில் நின்ற தம்பிகளையும், தேடிக் கண்டறிந்த மகளையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பதக்கங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.